அந்தப் படத்தில் எங்கள் வீடு

'வாழை' படத்தைத் தூத்துக்குடியில் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை தனியாக, 2024 ஆகஸ்டு கடைசியில். இரண்டாம் முறை எங்கள் துறை மாணவிகள் பதினோரு பேரோடு. முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை அழ வரவில்லை. இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெண் கேட்ட ஒரு கேள்வி தொண்டையில் நின்றுகொண்டது.

அவள் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய ஆச்சி அறுபது வயதைத் தாண்டியும் வாழைத்தார் சுமக்கப் போகிறவர் என்று முன்பே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களும் எங்க பக்கம்தானே. இந்தப் படத்துல உங்க வீடு எது?" என்றாள்.

அதில் குத்தல் ஏதுமில்லை. தன் வீடு எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திரையில் மழைக்கு ஒழுகிய ஓட்டுக்குக் கீழே அவள் தன் வீட்டைப் பார்த்துவிட்டாள். அதே ஊர்க்காரியான என் வீடு எது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். நான் எல்லோருக்கும் பாப்கார்ன் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

பண்ணையாருக்கும் கூலிக்காரருக்கும் நடக்கும் சண்டையைச் சொல்லும் தமிழ்ப் படங்களில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதித் தருவதாக இந்தத் தொகுப்புக்காரர்களிடம் அப்போதே ஒப்புக்கொண்டிருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் கேள்விதான் முதலில் வந்து உட்காருகிறது. அதனால் அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதை எழுத முடியும் போலிருக்கிறது.

தூத்துக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல்தான். துறைமுகம், உப்பு, சங்கு, ஒரு காலத்து முத்து. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் முத்துநகர் என்றுதான் ரயிலுக்குப் பெயர். மாவட்டத்துக்குள் வந்தால் கடலோடு இன்னும் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டத்தில் அந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு. அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள். அந்தத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும் வெற்றிலையும். நெய்தல், மருதம், பிறகு மழையைப் பார்த்துக் கிடக்கும் கரிசல் என்று ஒரே மாவட்டத்தில் திணை மயங்கிக் கிடக்கும். என் முனைவர் பட்ட ஆய்வு மருதத்திணை பற்றியது. முந்நூறு பக்கத்துக்கு மேல். ஊடல், பரத்தை, வாயில் மறுத்தல் எல்லாம் எழுதினேன். அந்த வயலை உழுதவளைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை என்பது பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு தென்கால் பாசனத்தில் இருந்தது. தாத்தாவுக்கு ஏழு ஏக்கர். சினிமாவில் வரும் பண்ணையாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். முறுக்கு மீசையோ சவுக்கோ குதிரை வண்டியோ கிடையாது. வெள்ளை வேட்டி, விபூதி, காலையில் ஆற்றில் குளியல். சத்தம் போட்டுப் பேச மாட்டார். சத்தம் போடாமலேயே எல்லாம் நடக்கும். ஊரில் அவரை நல்லவர் என்றுதான் சொல்வார்கள், எங்கள் தெருவில்.

1988-இல் நான் மூன்றாம் வகுப்பு. தார் வெட்டும் பருவம். தோட்டத்திலிருந்து ரோட்டுக்குத் தார் கொண்டுவந்து சேர்ப்பது அப்போது எங்கள் வீட்டுப் பொறுப்பு. சேற்று வரப்பில் தலையில் சும்மாடு வைத்து, ஒரு நேரத்தில் ஒரு தார், பெரிய ஆட்களாக இருந்தால் இரண்டு. ஆணும் பெண்ணுமாக வருவார்கள். பெண்கள்தான் அதிகம். தாருக்கு அரை ரூபாய். அந்த வருடம் முக்கால் ரூபாய் வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்டது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். எங்கள் முற்றத்தில், துளசி மாடத்துக்கு அந்தப் பக்கம், அதற்கு மேல் வரக்கூடாது என்ற எல்லையில் நின்றுகொண்டு, "அய்யா, கால் ரூவா கூட்டிக் குடுங்க. கழுத்து ஒடியுது" என்று சொன்னார். தாத்தா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் வேறு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் நம் ஊர் ஆட்களும் பழைய கூலிக்கே வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் சும்மாட்டுத் துணியோடு வாய்க்கால் ஓரம் வந்து நின்றார். தாத்தா என்னைக் கூப்பிட்டு, போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்: "உன்னை இனிமே வர வேண்டாம்னு தாத்தா சொல்லச் சொன்னாங்க."

உன்னை என்றுதான் சொன்னேன். எட்டு வயதில், என் ஆச்சி வயதுப் பெண்ணை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன்னை என்று. அந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரை நான் ஏற்கனவே போதுமான அளவு உச்சரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பருவம் முழுக்க அவருக்கு எங்கள் தோட்டத்தில் வேலை இல்லை. எங்கள் தோட்டத்தில் இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்திலும் இல்லை.

'வாழை' படத்தில் கேட்கப்படுவதும் ஒரு ரூபாய்தான். தாருக்கு ஒரு ரூபாயை இரண்டாக்கு என்கிறார்கள். ஒப்புக்கொண்ட வியாபாரி, போன காசை வேறு வழியில் பிடிக்கப் பார்க்கிறான். ஆட்களுக்குத் தனி வண்டி விடாமல், லாரியில் ஏற்றிய தார்களின் மேலேயே உட்காரச் சொல்கிறான். அந்த லாரி கவிழ்கிறது. இயக்குநர் மாரி செல்வராஜ் தன் சிறுவயதில் நடந்ததைத்தான் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். படம் வந்த சில நாளில் எழுத்தாளர் சோ. தர்மன், இதே தார் சுமக்கும் வாழ்க்கையைத் தான் முன்பே 'வாழையடி' என்ற சிறுகதையில் எழுதியிருப்பதாகச் சொன்னார். இருவரும் இந்த மாவட்டத்து மண்ணைத் தொட்டு எழுதுகிறவர்கள். ஒரே ஊர் வலியை இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்வது நடக்கக்கூடியதுதான் என்று எனக்குப் பட்டது. எங்கள் வீடுகளில் ஒருவர்கூட அதை எழுதவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் முறை பார்த்தபோது நான் வீட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன். புரோக்கர் வருகிறார், வியாபாரி வருகிறான், பசியில் ஒரு பழம் பறித்துத் தின்ற பையனை அடிக்கும் தோட்டத்து ஆள் வருகிறார். நிலத்துக்காரரின் வீடு படத்தில் வரவே இல்லை. அதன் திண்ணை வரவில்லை, முற்றம் வரவில்லை, அந்த வீட்டுப் பெண்களும் வரவில்லை. இது படத்தின் குறை என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் அதுதான் நடைமுறை. தாத்தா காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அப்பா தோட்டத்தை மொத்தமாக வியாபாரியிடம் விலை பேசி விட்டுவிடுவார். தாரை எண்ணிப் பணம் வாங்கியதோடு சரி. வெட்டுவது, சுமப்பது, ஏற்றுவது எல்லாம் வியாபாரி பாடு, அவனுக்குக் கீழே புரோக்கர் பாடு. யாருக்கு எவ்வளவு கூலி, எந்த வண்டியில் போனார்கள், வந்தார்களா என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. தாத்தாவாவது முற்றத்தில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை மடித்தார். அப்பாவுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. ஆக, அந்தப் படத்தில் எங்கள் வீடு காமிராவுக்குப் பின்னால் எங்கோ மின்விசிறிக்கு அடியில் இருக்கிறது.

மற்ற படங்களில் வீடு வருகிறது. எங்கள் அம்மாவுக்குப் பிடித்த படம் 'படகோட்டி'. 1964-இல் வந்தது. கடற்கரை ஜனங்களை இரண்டாகப் பிரித்து மோதவிட்டுப் பிழைக்கும் பணக்காரர் நம்பியார். எதிர்த்து நிற்பவர் எம்.ஜி.ஆர். கதாநாயகி சரோஜாதேவிக்குப் பெயர் முத்தழகி. முத்துக்குளித்துறைக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் அவள் கடலில் என்ன வேலை செய்தாள் என்று படம் பார்த்தவர்கள் யாராலும் சொல்ல முடியாது. காத்திருப்பாள், பாடுவாள். இந்தக் கரையில் மீன் விற்றுச் சீட்டுக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை எனக்குத் தெரியும்; அவர்களில் ஒருத்திகூடக் கரையில் நின்று பாடிக்கொண்டிருக்கவில்லை. உப்பளத்துக்குச் சினிமா அவ்வளவுகூட வரவில்லை. அங்கே ராஜம் கிருஷ்ணன் வந்தார். 1979-இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அந்த நாவலை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, வெயிலில் பாத்தி வெளுப்பைப் பார்த்துப் பார்த்தே தன் அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

'அசுரன்' 2019. பூமணியின் 'வெக்கை' 1982. கரிசல் காட்டில் சிறு நிலக்காரக் குடும்பம், அந்த நிலத்தையும் விழுங்கப் பார்க்கும் வடக்கூரான், அவனை வெட்டிவிட்டுத் தகப்பனோடு காட்டுக்குள் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையன். நாவலில் பழங்கதை கிடையாது. படத்தில் பஞ்சமி நிலத்தைக் கொண்டுவந்தார்கள். அது நல்ல காரியம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். 1892-இல் சென்னை மாகாண அரசு ஆணை போட்டது. பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி எப்படியோ யார் யார் கைக்கோ போனது. இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை, தனுஷ் படம் சொல்லித் தந்தது என்று என் மாணவிகள் சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒன்று. அந்தப் படத்தில் பையன் அரிவாளைத் தூக்குவதற்குக் காரணம் அம்மாவின் துக்கம். மூத்தவனைப் பறிகொடுத்துச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கும் பச்சையம்மாளைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவன் போகிறான். பழங்கதையிலும் அப்படியே, காலில் செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அவமானப்படுகிறாள், அதனால் ஆண் பொங்குகிறான். பெண்ணின் உடம்பும் பெண்ணின் கண்ணீரும் ஆணின் கோபத்துக்கு விறகு. கடைசியில் தகப்பன் மகனிடம், நிலத்தைப் பிடுங்குவார்கள், காசைப் பிடுங்குவார்கள், படிப்பை யாராலும் பிடுங்க முடியாது என்ற பொருளில் பேசுகிறார். அரங்கில் கைதட்டுகிறார்கள். அந்த வீட்டில் ஒரு சிறுமகளும் இருக்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிற எனக்கு அந்தச் சிறுமியின் மேல்தான் கண் போயிற்று.

'கர்ணன்' பற்றி இங்கே அதிகம் பேச மாட்டேன். பண்ணையார் படம் என்று அதைச் சொல்ல முடியாது. 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய அட்டூழியத்தின் நினைவு அதில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் இந்த ஊரில் அதைப் பார்த்தோம். 2018 மே 22-இல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. லத்தி ஓங்கும் காட்சியில் அரங்கம் எப்படி அடங்கியது என்பதைச் சொன்னால் போதும். இருமல்கூட இல்லை.

கீழ்வெண்மணியை விட்டுவிட்டு இதைப் பற்றி யாரும் எழுத முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு. கூடுதலாகக் கொஞ்சம் நெல் கூலி கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றார்கள். 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எம்.ஏ. படித்த காலத்தில் அதை மிகச் சிறந்த நாவல் என்று நம்பினேன். இப்போது பாடம் நடத்தும்போது தடுக்குகிறது. நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவில் அந்தக் கொடுமைக்குக் காரணம் தேடுகிறது நாவல். ஆண்மை நிறைந்த நிலக்கிழார்கள் குடிசையைக் கொளுத்த மாட்டார்களா? கூலியைப் பற்றிய சண்டையைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனால் யாருக்கு வசதி? இடதுசாரிகள் அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டார்கள். நான் பெண் என்ற முறையில் இன்னொன்றைக் கேட்கிறேன்: எரிந்தவர்களில் பெரும்பான்மையான பெண்கள், அன்று காலை வரை வயலில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும், சங்கத்தில் சந்தா கட்டியவர்களும், ஏன் பிணங்களாக மட்டுமே நம் கதைக்குள் வருகிறார்கள்?

வெண்மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போய்த் தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1981-இல் கணவரோடு சேர்ந்து 'லாப்டி' என்ற நிலமீட்பு அமைப்பைத் தொடங்கினார். நிலக்காரர்களிடம் பேசி, பேரம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை வாங்கிக் கூலிக்காரக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதியவைத்தார். நான் இதில் நிற்கிறேன். அரிவாள் தூக்கும் படங்கள் எத்தனையோ. சார்பதிவாளர் அலுவலகத்து வராண்டாவில் ஒரு கூலிக்காரப் பெண் பெருவிரலில் மை பூசிக்கொண்டு நிற்பதை ஒரு கதைப்படத்தின் உச்சக்காட்சியாக நான் பார்த்ததில்லை.

சரி, நிலக்காரர் வீட்டுப் பெண்கள்? அவர்களைக் காட்டிய ஒரு படம் தெரியும், தமிழில் இல்லை. கேதன் மேத்தாவின் 'மிர்ச் மசாலா', 1987. வெள்ளைக்காரன் காலத்துக் கிராமம். வரி வசூலிக்க வந்த சுபேதார், சோன்பாய் என்ற பெண்ணின் மேல் கண் வைக்கிறான். அவள் அவனை அறைந்துவிட்டு மிளகாய் இடிக்கும் ஆலைக்குள் ஓடி ஒளிகிறாள். கிழட்டுக் காவல்காரர் ஒருவர் கதவைச் சாத்துகிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு பெண்ணால் ஊர் அழிவதா, ஒப்படைத்துவிடுவோம் என்கிறார்கள். ஸ்மிதா பாட்டீலைத்தான் எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு ஊர்த்தலைவரின் மனைவியாக வரும் தீப்தி நவல் முக்கியம். அவள் ஊர் வழக்கத்தை மீறித் தன் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள். ஊர் பெண்களைக் கூட்டிக்கொண்டு சமையல் தட்டுகளைத் தட்டியபடி ஆண்களின் கூட்டத்துக்கு முன்னால் போகிறாள். கடைசியில் ஆலைக்குள் இருக்கும் பெண்கள் தாங்கள் இடித்த மிளகாய்ப் பொடியையே அள்ளி வீசுகிறார்கள். வேலை செய்கிற பொருளே ஆயுதம். அந்தப் படத்தை வகுப்பில் போட்டபோது வாழைப் பக்கத்துப் பெண்கள், "தாரை எறிஞ்சா சாவானா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

எங்கள் அம்மா தட்டைத் தட்டவில்லை. பின்வாசலில் கஞ்சி ஊற்றினாள். தாத்தா தோட்டத்துக்குப் போன பிறகு, தார் சுமப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் வருவார்கள்; தூக்குச் சட்டிகளில் பழைய சோறும் நீச்சத் தண்ணீரும் ஊற்றி, ஒரு கை உப்பு போட்டு, கத்தரிக்காய் வத்தலோ நார்த்தங்காயோ வைப்பாள். கைபடாமல்தான் ஊற்றுவாள். அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று ராத்திரி, "அவளுக்காவது நின்னு கேக்கதுக்கு வாயிருக்கு" என்று யாரிடமும் இல்லாமல் அடுப்பிடம் சொன்னாள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. பிறந்த வீட்டிலும் இல்லை, வந்த வீட்டிலும் இல்லை. 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அம்மாவுக்கு அதற்குப் பத்து வருடம் முன்பே கல்யாணமாகிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு உண்டு. பிறகு 2005-இல் நாடு முழுக்க வந்தது.

அப்பா 2017-இல் இறந்தார். அடுத்த வருடம் தம்பிகள் இருவரும் வந்து, விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சண்டையாகக் கேட்கவில்லை. தாம்பாளத்தில் பட்டுச்சேலை, பழம், பூ. "அக்கா, ஒனக்கு என்ன கொறச்சல், காலேஜ்ல சம்பளம் வாங்குத" என்றான் சின்னவன். அம்மா கதவோரம் நின்றாள். பிறந்த வீட்டுக்கு வரப்போக இருக்க வேண்டாமா என்று அத்தை சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று பக்கத்திலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும். மறுவாரம் கல்லூரியில் பெண்ணும் சொத்தும் என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கில் தலைமை தாங்கினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அந்த ஏழு ஏக்கர் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நானே பெருமையாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு. கூலியைக் கூட்டியிருப்பேன், பெண்கள் பெயரில் எழுதி வைத்திருப்பேன், இப்படி. கிருஷ்ணம்மாள் ஆகிவிட ஒரு கையெழுத்துத்தான் தடையாக இருந்தது போல. அதை நான் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டதால் அந்த நிலத்தின் பாவமும் என்னை விட்டுப் போயிற்று என்ற ஓர் ஆறுதல் அன்றைக்கே இருந்தது. நிலம் எனக்கு இல்லை. ஆனால் நான் படித்த படிப்பு அந்த வாழையில் வந்த படிப்பு. விடுதிக் கட்டணம், புத்தகம், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த கூலி எல்லாம். தட்டச்சுக்காரருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தார் அப்பா. அதில் பேரம் பேசவில்லை.

'வாழை'யில் கனிக்கும் வேம்புவுக்கும் ஒரு காதல் உண்டு. இருவரும் தார் சுமக்கிறவர்கள். மருதாணி, ஒரு கைக்குட்டை, சுமையோடு வரப்பில் நடக்கும்போது ஒரு பார்வை, அவ்வளவுதான். பெரிதாக வசனம்கூடக் கிடையாது. தொல்காப்பியம், அடியோரின் காதலையும் வினைவலரின் காதலையும் அன்பின் ஐந்திணைக்குள் சேர்க்கவில்லை, புறத்தே நிறுத்துகிறது. உரைகாரர்கள், பிறர் ஏவலைச் செய்கிறவர்களுக்கு அறம் பொருள் இன்பம் ஒழுங்காக வாய்க்காது என்று சமாதானம் சொல்வார்கள். இருபது வருடம் இதை இப்படியே நடத்தியிருக்கிறேன். வேம்பு மருதாணிக் கையோடு லாரியில் ஏறியபோது, என் மருதத்துக்குள் யாரை விடவில்லை என்று தெரிந்தது. மருத நிலத்து வரப்பில்தான் நடக்கிறாள் அவள்.

அம்மாவைப் பற்றியும் அந்தப் படத்தில் ஒன்று உண்டு. கடைசியில் ஊரே ஒப்பாரியில் கிடக்கும்போது, ஒன்றும் அறியாமல் பசியோடு வந்த பையன் வீட்டுக்குள் புகுந்து சோற்றில் கை வைக்கிறான். பார்த்தவர்கள் அடித்து விரட்டுகிறார்கள். அவனை வேலைக்குப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவள் அந்தத் தாய்தான். அவன் போயிருந்தால் அவனும் லாரியில் இருந்திருப்பான். அவளைக் கெட்டவளாகவும் காட்டவில்லை, தெய்வமாகவும் ஆக்கவில்லை. வாங்கிய முன்பணம் அவளை அப்படிப் பேசவைக்கிறது. பச்சையம்மாளிடமிருந்து இவள் வரைக்கும் ஏதோ நகர்ந்திருக்கிறது.

படம் முடிந்து வெளியே வந்தோம். மழைத் தூறல். மாணவிகள் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ பார்த்தார்கள். அவளை மட்டும் நிறுத்தி, "நீ கேட்டியே, எங்க வீடு எதுன்னு. படத்துல வரல. தோட்டம் எங்களுது" என்றேன். அவள் முகம் மாறவில்லை. "தெரியும் மேடம். ஆச்சி சொல்லிருக்கு" என்றாள். தெரிந்துகொண்டே கேட்டாளா, தெரியாமல் கேட்டுப் பிறகு கேட்டறிந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. மற்றதையும் சொன்னேன்: முற்றம், கால் ரூபாய், உன்னை என்று சொன்னது, விடுதலைப் பத்திரம். ஆட்டோ வந்து நின்று, மற்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க எதுக்கு மேடம் கையெழுத்துப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறந்த வீடு வேண்டும் என்று போட்டேன் என்றேன். "இப்ப போவீங்களா?" என்றாள். அம்மா போன பிறகு இரண்டு வருடமாகப் போகவில்லை.

அடுத்த திங்கள்கிழமை துறை அறைக்கு வந்தாள். நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டிவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஆச்சிகிட்ட சொன்னேன் மேடம். நீங்க தாத்தாவுக்காகப் போயிச் சொன்னவங்கள ஆச்சிக்குத் தெரியுமாம். எங்களுக்கு ஒரு வகையில பெரியாச்சி முறை. அவுக செத்து நாளாச்சாம்."

நான் பேனாவை மூடினேன்.

"ஒங்க அம்மா ஊத்துன கஞ்சி நல்லாருக்கும்னு சொல்லிச்சு. உப்பு மட்டும் கூட விழுந்துரும்னுச்சு." சிரித்தாள். பிறகு, சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. "அந்த வருசம் வெளியூர் ஆளு வாரதுக்கு முன்னால ரெண்டு நாள் சொமந்த கூலி யாருக்கும் குடுக்கலயாம். கேட்டதுக்கு அபராதம்னு புடிச்சிட்டாங்களாம். ஆச்சிக்கும் வரணுமாம்."

எவ்வளவு என்று கேட்டேன்.

"தாருக்கு அரை ரூவா. ஆச்சிக்கு எண்ணிக்கை மறக்கல மேடம். மொத நாள் இருபத்தெட்டு, மறுநாள் முப்பத்தி நாலு."